சுருக்கொப்பம்

லத்தேரி கேட்டில் இருபத்தாறு வருஷம்.
எழுதாமல் ஒரு வண்டியும் கடந்ததில்லை
என்பார் கன்னியப்பன்.
எனக்குத் தெரிந்து அதில் பொய்யில்லை.
ஜோலார்பேட்டைக்குப் போவது ஒரு கட்டத்தில்,
காட்பாடிக்குப் போவது ஒரு கட்டத்தில்,
நிமிஷத்தோடு, நீல மையில்.

சித்திரை பிறந்ததிலிருந்து
அதே கையெழுத்தில் அவருடைய ரத்த அழுத்தம்.
மேல் எண், கீழ் எண்,
நடுவில் ஒரு சாய்கோடு,
பாதி இறங்கி நின்றுவிட்ட கேட் மாதிரி.

ரெபெக்கா சிஸ்டர் சொல்லித்தான் அனுப்பினாள்:
காப்பி குடித்த கையோடு பார்க்காதே.
ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து உட்கார்.
முதுகு சாயணும், பாதம் தரையில் படியணும்,
கால்மேல் கால் கூடாது,
பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கணும்.
அஞ்சு நிமிஷம் சும்மா இரு, பேச்சே ஆகாது.
ஒரு தடவை பார், ஒரு நிமிஷம் விடு, மறுபடி பார்.
நூற்றெண்பதைத் தாண்டி மார்பும் வலித்தால்
நோட்டைத் தேடாதே, வண்டி பிடி.

அஞ்சு நிமிஷம் பேச்சில்லாமல்!
முள்ளுக்கத்தரிக்காய் விலையில் ஆரம்பித்து
அவர் தம்பியின் கிணற்றுப் பங்கில் போய் முட்டுகிற வீடு இது.
நீ பேசினால் ஏறிவிடும் என்று
என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு
அவரே பார்ப்பார், அவரே எழுதுவார்.

126/82.
மறுநாள் 124/80.
வெயில் நூற்றெட்டைத் தொட்ட அன்றும் 126.
மலையெல்லாம் கொதிக்கிற ஊரில்
என் புருஷன் ரத்தம் மட்டும் மோர் மாதிரி
என்று முனிரத்தினத்தின் மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆடியில் ரயில்வே மெடிக்கல்.
தேறாவிட்டால் கேட்டை விட்டு இறக்கி
ஏதோ ஒரு ஆபீசில் ஃபைல் சுமக்க வைப்பார்கள்.
அதைப் பற்றி மட்டும்
இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

தூசி துடைக்கும்போதுதான் கட்டைவிரல் பட்டது,
எம் என்று எழுதிய பொத்தானில்.
168/102.
மறுபடி அமுக்கினேன். 171/100.
மறுபடி. 166/104.
ஓரத்தில் பொடி எழுத்தில் நேரம்.
இரவு 2.40. 2.46. 2.55. 3.10.

நான் குறட்டை விட்ட பக்கத்து அறையில்
ஒரு மனுஷன்
தன் கையைத் தானே கட்டிக்கொண்டு
எண் இறங்கக் காத்திருந்திருக்கிறார்,
தாமதமான கூட்ஸுக்குக் காத்திருப்பதுபோல.
அளக்க அளக்கக் குறைய
இது என்ன ஏரித் தண்ணியா?

கத்துவதற்கு வாய் திறந்தேன்.
அவர் பகல் டூட்டியில் இருந்தார்.
மூடிக்கொண்டேன்.

அன்று ராத்திரி தூங்குவதுபோல் கிடந்தேன்.
பட்டை சர்ரென்று பிரிகிற சத்தம்
மூன்று முறை.
பிறகு வந்து படுத்தார், சுவர்ப்பக்கம் திரும்பி.

மூன்றரைக்கு நான் எழுந்து போனேன்.
முதுகைச் சாய்த்து, பாதத்தைப் பதித்து,
இருட்டில் அஞ்சு நிமிஷம்.
பட்டை என் கையை இறுக்கியது.
யாரும் இப்படிப் பிடித்து நாளாயிற்று.
158/94.

எனக்கா?
ஒருநாளும் என்னுடையதைப் பார்க்க
யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்.

நோட்டில் எழுதவில்லை.
அவருடைய எண்களுக்குப் பின்னால்
அதை அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்தேன்.
அவர் அமுக்கிப் பார்ப்பார்.

விடிந்ததும் நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது.
கேட் ரிஜிஸ்டருக்கு ஒரு விதி உண்டு:
தப்பை அழிக்கக் கூடாது,
ஒரே கோடு, அடியிலிருப்பது தெரியவேண்டும்,
பக்கத்தில் சுருக்கொப்பம்.
126க்கு ஒரு கோடு, 168, வே.க.
124க்கு ஒரு கோடு, 171, வே.க.
இரண்டு பக்கம் முழுக்க.

கடைசி வரி புதிது.
இரவு 3.30. 158/94.
பேருக்கான இடத்தில் முதலில் ‘வீடு’ என்று எழுதி
அதை ஒரு கோடு அடித்து
‘பூங்காவனம்’.
வே.க.

ஏழே கால் பஸ்ஸுக்கு
இரண்டு பேரும் கிளம்பினோம்,
காப்பி குடிக்காமல்.